வட்ட வால்

தைப்பூசக் காவடி எடுத்து விரதம் முடித்த தம்பிக்கு அன்றுதான் முதல் அசைவச் சாப்பாடு. புக்கிட் செலம்பாவிலுள்ள அவன் வீட்டுக்கு நானும் போயிருந்தேன். அவனோடு பேக்டரியில் வேலை செய்யும் மலாய்க்கார நண்பர் ஆற்று முகத்துவாரத்தில் பிடித்த பெலங்காஸ் என்னும் லாட நண்டுகள் இரண்டைக் கொடுத்திருந்தார். குதிரை லாடம் போன்ற ஓடு, நீண்ட கூரான வால். மோட்டார் சைக்கிள் கூடையில் அடங்கவில்லை என்று தம்பி வால்களை ஒடித்து, அவற்றையும் கூடையிலேயே போட்டு எடுத்து வந்திருந்தான்.

நான் கோலா கெத்தில் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

“இது நண்டே இல்லடா. சிலந்திக்கும் தேளுக்கும்தான் சொந்தம்.”

“அப்ப சிலந்தியத்தான் சாப்பிடப் போறேனா? பேசாம உட்காருலா அண்ணே,” என்று சிரித்தான்.

முதுகெலும்பில்லாதவை, கணுக்காலிகள் என்று பாடமே நடத்திவிட்டேன். எல்லாரும் கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதில் தின்பது முட்டையைத்தான்; கரியில் சுட்டதில் அது கொஞ்சம்தான் தேறியது. விரதம் முடித்தவருக்கே முழுதும் என்று தம்பி மனைவி அவன் தட்டில் வைத்தாள்.

சற்று நேரத்தில் உதடு மரத்துப்போகிறது என்றான். பிறகு நாக்கு. ஓடிப்போய்க் கூடையிலிருந்த வாலை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினேன். நம் கடலோரத்தில் பெலங்காஸ் இரண்டு இனம். சனங்கள் தின்பதன் வால் முப்பட்டையாக இருக்கும். உருண்டை வால் உள்ளதில் விஷம் இருக்கும், சுட்டாலும் போகாது. அதன் அறிவியல் பெயரில் இரண்டாம் சொல்லின் பொருளே வட்ட வால்தான். பெயர் வைத்தவர் அடையாளத்தைப் பெயரிலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வேறென்ன செய்வார் பாவம்? என் கையில் இருந்தது பென்சில் போல உருண்டது.

என்ன சாப்பிட்டார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். கார்சினோஸ்கார்ப்பியஸ் ரொட்டுண்டிகௌடா என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடும் இட்டிருந்தேன். அந்த நேரத்திலும் கை முறை தவறவில்லை. அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது.

தம்பிக்கு மூச்சு விடக் குழாய் போட்டிருந்தார்கள். இமைகூட அசையவில்லை. ஆனால் நினைவு இருக்கும், காது கேட்கும் என்றார் டாக்டர். அவன் மனைவி கட்டிலருகில் நின்று என்னைப் பார்த்தாள்.

“இதுல வெசம் உள்ளது ஒன்னு இருக்குன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா அண்ணே?”

“தெரியாதும்மா,” என்றேன்.

தம்பி கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான். மறுநாள் மத்தியானம் இறந்தான்.