கம்பியில் குத்தி வைத்த வருஷம்

சித்தூர் வெல்ல மண்டியில் நான் எடை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், முதலாளி வருஷா வருஷம் ஒரு தேதி காலண்டர் கொடுப்பார். மேலே அட்டையில் திருப்பதிப் பெருமாள், கீழே தினம் கிழிக்கிற தாள்கட்டு. நாங்கள் கிறிஸ்தவர்கள். அதனால் அட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தாள்கட்டை மட்டும் எங்கள் சுவரில் அடித்துக்கொள்வோம். பெருமாள் அந்த வீட்டில் ஊதுவத்தி வாசனையோடு இருப்பார். தேதி எங்கள் வீட்டில் இருக்கும். காலையில் பக்கத்து வீட்டம்மா மதில்மேல் எட்டி, "இன்னிக்கு இன்னா தேதிப்பா?" என்று கேட்பார். சொல்வேன். மண்டிக்கு வெளியே நான் பிறரிடம் பேசுவது பெரும்பாலும் அவ்வளவுதான்.

எனக்குக் கூச்சம் அதிகம். எடையை வாய்விட்டுக் கூவுவது என் வேலை. நான் கூவினால் வண்டி மாட்டுக்குக்கூடக் கேட்காது என்று மண்டியில் சிரிப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எழுதுவதில் எனக்கு ஆசை இருந்தது. கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு வீட்டில் நடந்ததை ஒரு வரி எழுதி, மண்டியில் சீட்டுகளைக் குத்துவதுபோல ஒரு கம்பியில் குத்தி வைப்பேன். உலகச் சண்டைக் காலம், எழுத வேறு காகிதமும் கிடைக்காது.

அந்த வருஷம் என் மகளுக்கு விஷ சுரம் கண்டது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இருபது நாளைக்கு மேல் பிரக்ஞை இல்லாமல் கிடந்து பிழைத்தாள். அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்ட அன்று, என் மனைவி அடுப்படியிலிருந்து ஒரு சேதி சொன்னாள்.

"நான் ஆண்டவர் கிட்ட ஒரு பொருத்தனை பண்ணிக்கினேங்க. பொண்ணு பொழச்சா, வருஷக் கடைசிக் கூட்டத்துல அவ நைனா எயுந்து நின்னு சாட்சி சொல்லுவாருன்னு."

எங்கள் சபையில் டிசம்பர் கடைசி நாள் சாயங்காலம் ஸ்தோத்திரக் கூட்டம் நடக்கும். அந்த வருஷம் தேவன் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தே தப்பித்து வந்தவன்.

"என் வாய வச்சி நீ எப்படி பொருத்தனை பண்ணுவே? நீயே சொல்றேன்னு வேண்டிக்கிறதுதானே?"

"நான்தான் நாள் பூரா பேசிக்கினு கீறேனே. அது ஒரு பொருத்தனையா? கஷ்டமானதக் குடுத்தாதாங்க பொருத்தனை."

என் கூச்சத்துக்காக அந்த வார்த்தையைப் பொய்யாக்கினால், நாளைக்கு மகளுக்கு லேசாகத் தலை வலித்தாலும் என் மனைவி என் முகத்தைப் பார்ப்பாள். அதைவிட, எனக்கே பயமாக இருக்கும்.

பேசத்தான் வராது, படிக்கலாமே என்று தோன்றியது. கூட்டத்துக்கு முந்தின நாள் வருஷத்துத் தாள்களை எல்லாம் கம்பியிலிருந்து உருவிப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். 'மழை. மண்டி இல்லை.' 'ஆடு முருங்கைக் கன்றைத் தின்றுவிட்டது.' சுரத்துக்கு முன்னால் பல தாள்களில், 'இன்று விசேஷம் ஒன்றும் இல்லை' என்று சலிப்போடு கிறுக்கியிருந்தேன். மகள் தேறிய பிறகு அதே வரி மறுபடியும் வந்தது. அதைத் தாள் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்.

மகளைப் பற்றிய தாள்களை மட்டும் பொறுக்கி வரிசைப்படுத்தி, மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் மாவு இடித்துக்கொண்டே, "சத்தமா!" என்று அதட்டினாள். ஒவ்வொரு தாளின் முடிவிலும் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்பதும் அவள் ஏற்பாடு. படித்த தாளைச் சும்மா விட என் கைக்குத் தெரியாது. ஒன்று படித்ததும் கம்பியில் குத்தினேன். அடுத்ததை அதன்மேல் குத்தினேன். மண்டிக் கை.

மறுநாள் என் முறை வந்தது. எழுந்தேன். தலையைத் தூக்காமல் கம்பியின் மேல் தாளை உருவிப் படித்தேன்.

"மகள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சண்டை போட்டு, முடியைப் பிடித்து இழுத்தாள். தேவனுக்கு ஸ்தோத்திரம்."

யாரோ செருமினார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்று தெரியும்.

"மகள் சாத்துக்குடிச் சாறு குடித்தாள். தேவனுக்கு ஸ்தோத்திரம். ரயிலேறித் திருப்பதி போய்ச் சாத்துக்குடி வாங்கி வந்தேன். தேவனுக்கு ஸ்தோத்திரம். டாக்டர் சாத்துக்குடி கொடுக்கச் சொன்னார், சித்தூரில் எங்கும் இல்லை. தேவனுக்கு ஸ்தோத்திரம். மகள் கண் திறக்கவில்லை. தேவனுக்கு ஸ்தோத்திரம். மகளுக்கு மேல் லேசாகச் சுடுகிறது. தேவனுக்கு ஸ்தோத்திரம்."

தாள் தீர்ந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் திரும்பி, "இன்னாப்பா இது, அப்புறம் பொண்ணு இன்னா ஆனா?" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, "அய்யோ, நல்லாத்தானே சண்ட போட்டுக்கினு இருந்தா!" என்றாள்.

என் மகள் பாயைவிட்டு எழுந்து கத்தினாள். "நைனா! தலகீயா படிச்சிட்டியே!"

சபைக் கோயிலே சிரித்தது. போதகரும் வேதப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நான் மறுபடி எழுந்தேன். கையில் தாள் ஏதும் இல்லை.

"இல்லீங்க, பொழச்சிக்கினா. மொதல்ல சுரம் வந்துச்சி. அப்புறம்தான் சாத்துக்குடி. அத வாங்கிக்கினு ரயில்ல வரும்போது, நான் போய்ச் சேர்றதுக்குள்ள போயிடுவாளோன்னு மடியில வச்சிக்கினு அழுதுக்கினே வந்தேன். வீட்டாண்ட வந்தா, உள்ள இருந்து நைனான்னு கூப்புடுறா..."

தாளில் எழுதாததை எல்லாம் சொன்னேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாம். போதகர் இரண்டு தரம் இருமின பிறகுதான் உட்கார்ந்தேன். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இருட்டின பிறகு வீட்டுக்குத் திரும்பினோம். வழியில் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தச் சண்டயில தப்பு அவ மேலதான் நைனா. அவதான் மொதல்ல கிள்ளுனா. அத ஏன் எழுதல?"

"தாள்ல எடமில்ல."

"அப்போ வாயால சொல்லியிருக்கலாமில்ல? அவ்ளோ நேரம் பேசினியே!"

அவள் விடவில்லை. யார் முதலில் என்ன சொன்னார்கள், யார் எங்கே கிள்ளினார்கள் என்று அந்தச் சண்டையை ஆரம்பத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே நடந்தாள். நடுவில் ஒரு இடத்திலும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.