தூக்கிக் கட்டிய ஜீப்பும் ஒடிய வேண்டிய ஷாஃப்ட்டும்

ஜீப்பை நாலு அங்குலம் தூக்கிக் கட்டியவர்கள் எல்லோரும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அடியில் படுத்துப் பார்ப்பது எங்கள் பிழைப்பு. ஆம்பூருக்கு வெளியே சர்வீஸ் ரோட்டோரம் எனக்கும் என் வீட்டுக்காரர் சேகருக்கும் ஒரு பட்டறை இருக்கிறது. லேத்தும் வெல்டிங்கும் அவர் பாடு. எந்த வண்டிக்கு எந்த ஷாஃப்ட் என்று முடிவு சொல்வது நான். கல்யாணத்துக்கு முன்னால் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள், அதனால் 'இது ஆகாது' என்று முகத்துக்கு நேரே சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளக் குழாய்தான் ஷாஃப்ட். அதன் இரண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி ஒரு துண்டு இருக்கும், அதற்குப் பெயர் கிராஸ். அது மடங்கிக் கொடுப்பதால்தான் வண்டி மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. ஜீப்பைத் தூக்கினால் ஷாஃப்ட் சரிந்து நிற்கும், கிராஸ் அளவுக்கு மீறி மடங்கும், வேகம் ஐம்பதைத் தாண்டியதும் வண்டி நடுங்க ஆரம்பிக்கும். கடை போட்டு வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்ட சக ஜீவன்களே, இதற்கு மேல் நடப்பதெல்லாம் உங்கள் கடையிலும் நடப்பதுதான்.

கட்டைவிரல் சோதனை

இக்பால் பாய் டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவர். தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அதன் கனத்தைச் சொல்லிவிடுவார். அப்புறம் கேஜ் வைத்துப் பார்த்தாலும் அதேதான் வரும். அவருடைய மகள் ஆஃப்ரீன் கால்நடை டாக்டர். ஜவ்வாது மலையில் வேலை. அங்கே பாதி ஊர்களுக்குத் தார் ரோடு கிடையாது, மாடு படுத்துவிட்டது என்று போன் வந்தால் கல்லிலும் சேற்றிலும்தான் போக வேண்டும். அதற்காகவே பாய் ஒரு பழைய டீசல் ஜீப்பை வாங்கி, வேறெங்கோ கொடுத்துத் தூக்கிக் கட்டி, பெரிய டயர் மாட்டிவிட்டார். வண்டி நடுங்குகிறது என்றதும் என்னிடம் கொண்டுவந்தார்.

 வந்தவர் நேராகக் குழாய் அடுக்கியிருந்த இடத்துக்குப் போனார். ஒவ்வொரு குழாயின் வாயிலும் கட்டைவிரலை உள்ளே விட்டு, ஆள்காட்டி விரலை வெளியே வைத்து அழுத்திப் பார்த்தார். கடைசியில் லாரிக்கு வைத்திருந்த குழாயைப் பிடித்துக்கொண்டு, இதுதான் வேண்டும் என்றார். கோளாறு குழாயின் கனத்தில் இல்லை, ஷாஃப்ட் நிற்கிற கோணத்தில் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், கை மட்டும் லாரிக் குழாயை விடவில்லை. இந்த ஊரில் எல்லாவற்றையும் கனத்தை வைத்துத்தான் எடை போடுவோம், நானும் அந்த வழியில் வந்தவள்தான். மெலிந்த தோலைத் திருப்பி அனுப்பித்தான் சம்பளம் வாங்கினேன். ஆனாலும் எரிச்சல் வரத்தான் செய்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பும்போது பாய் சொன்னார்: "தோலோ இரும்போ, கனமா இருந்தா ஜாஸ்தி நாள் வரும்மா கலா."

போகிற மாதிரி

அந்த வாரமே சத்துவாச்சாரியிலிருந்து மனை விற்கிற தம்பி ஒருவர் பளபளவென்று ஒரு ஜீப்பில் வந்தார். பாயின் ஜீப்பைவிட இரண்டு அங்குலம் கூடுதல் உயரம். இருப்பதிலேயே உசத்தியான ஷாஃப்டாகப் போட்டுவிடச் சொன்னார். ஒரு முனையில் இரண்டு கிராஸ் சேர்ந்த இரட்டை ஜாயிண்ட் வைத்தது, குழாய்க்குச் சிவப்பு பெயிண்ட், எல்லாம் வேண்டும்.

நான் யாராக இருந்தாலும் ஒரே கேள்விதான் முதலில் கேட்பேன்: வண்டி எங்கே போகும்? வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து மனை, மனை எல்லாம் ஹைவே ஓரம். இதற்கு ஷாஃப்டை மாற்றவே வேண்டாம், உயரத்தைக் குறைத்தாலே நடுக்கம் போய்விடும் என்றேன். வலிய வந்த வியாபாரத்தை விரட்டுகிறேனே என்று லேத் பக்கம் நின்ற சேகர் முறைத்தார். தம்பிக்கோ மனசே இல்லை. டயரைத் தடவிக் கொடுத்துக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மலைக்கெல்லாம் போக மாட்டேங்க்கா. ஆனா போற மாதிரி இருக்கணும்."

கீறல் இல்லாத ஷாஃப்ட்

யோசித்துச் சொல்கிறேன் என்று போன இக்பால் பாய் யோசிக்கவே இல்லை. நேராக டேனரிக்குப் போயிருக்கிறார். அங்கே தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய மர டிரம் உண்டு, அதை ஓட்டுகிற கனத்த குழாயில் பழையது ஒன்று சும்மா கிடந்திருக்கிறது. ஃபிட்டரிடம் சொல்லி அதை வெட்டி, லாரிக்குப் போடுகிற கிராஸ் வைத்து, ஜீப்புக்கு ஷாஃப்டாக மாட்டிவிட்டார். ஈர மாட்டுத் தோல் டன் கணக்கில் போட்டாலும் அசராமல் சுழற்றிய குழாய், இந்தச் சின்ன ஜீப் அதற்கு எம்மாத்திரம் என்று நினைத்திருக்கிறார். டிரம் நிமிஷத்துக்குப் பத்துச் சுற்றுகூட ஒழுங்காகச் சுற்றாது. ஜீப்பின் ஷாஃப்ட் ஆயிரக்கணக்கில் சுற்றும். இந்த வித்தியாசம் கட்டைவிரலுக்குத் தெரியாது.

கொஞ்ச நாளில் ஜீப் ஒரு டிராக்டருக்குப் பின்னால் கயிற்றில் வந்து சேர்ந்தது. மலையில் ஒரு பாறை இடுக்கில் பின் சக்கரம் மாட்டியிருக்கிறது. ஆஃப்ரீன் ஆக்ஸிலேட்டரை அழுத்த, ஷாஃப்ட் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பலம் முழுக்கப் போய் கியர்பாக்ஸில் இறங்கி, உள்ளே பல் உடைந்து நொறுங்கிவிட்டது. மதியம் நின்ற வண்டியை இருட்டின பிறகுதான் இழுத்துக்கொண்டு இறங்க முடிந்தது. அந்தப் பெண் தனியாக அத்தனை நேரம் மலைக்காட்டில் உட்கார்ந்திருந்ததை நினைத்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கியர்பாக்ஸைக் கழற்றி, பல் துண்டுகளைத் தட்டில் கொட்டி பாயின் முன்னால் வைத்தேன்.

அவர் அந்தத் தட்டைப் பார்க்கவே இல்லை. குனிந்து அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஷாஃப்ட்டைப் பாரும்மா, ஒரு கீறல்கூட இல்ல."

எது ஒடியலாம்

கியர்பாக்ஸ் வேலை முடிகிற அன்று ஆஃப்ரீனே வந்தாள். வீட்டில் நடந்ததை அவள்தான் சொன்னாள். அவளுடைய அம்மா நசீமா பாபி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: இன்னொரு முறை வண்டி மலையில் நின்று யாராவது இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தால், மறுநாளே கீழே டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பாயும் அதற்குச் சம்மதித்துவிட்டார். அவளுக்கோ மலையை விட மனசில்லை. மலைக்காரர்கள் இப்போதுதான் மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் அவளைக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள்.  எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஜீப்பை ஜாக்கியில் ஏற்றி, பின் சக்கரங்களை அந்தரத்தில் தொங்கவிட்டேன். தரையில் நிற்கும்போது கோணம் பார்ப்பது மாப்பிள்ளையைப் போட்டோவில் பார்ப்பது மாதிரி. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போதுதான் உண்மை தெரியும். இருவரும் அடியில் படுத்துக்கொண்டோம். காந்தக் கோணமானியை ஷாஃப்ட்டில் ஒட்டிக் காட்டினேன். மேல் முனையில் இரட்டை ஜாயிண்ட் வேண்டும், அப்போதுதான் இந்தச் சரிவைத் தாங்கும். கீழ் முனையில் ஆக்ஸிலின் மூக்கை, அதாவது ஷாஃப்ட் போய்ச் சேருகிற இடத்தை, ஆப்பு வைத்து நிமிர்த்த வேண்டும். நீளமும் கூட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் தொங்கும்போது ஷாஃப்ட் கழன்றே விழும். இது வரை அவள் சரி சரி என்றாள்.

அப்புறம்தான் முக்கியமான பேச்சு. குழாயும் கிராஸும் எவ்வளவு பலமாகப் போடுவது? ஒரு ஜீப்பில் எதுவுமே ஒடியாது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, பாறையில் மாட்டினால் ஏதாவது ஒன்று ஒடியத்தான் செய்யும் என்றேன். ஷாஃப்டைப் பலமாக்கினால் கியர்பாக்ஸ் ஒடியும். அது ஒடிந்தால் டிராக்டர்தான். கீழ் முனை கிராஸை அளவான பலத்தில் வைத்தால் அதுதான் முதலில் ஒடியும். ஷாஃப்டை மட்டும் கழற்றிவிட்டு, முன் சக்கரத்தை ஓட்டும் கியரைப் போட்டு மெதுவாக இறங்கி வந்துவிடலாம். பாய்க்கு இது அறவே பிடிக்காது என்பதையும் சொன்னேன்.

 அவள் படுத்தபடியே கையை நீட்டிக் கீழ் முனை போல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். "ஒடியறது எதுன்னு நான்தான் சொல்லணும்னா, என் கைக்கு எட்டறது ஒடியட்டும்க்கா."

கம்மி

சேகர் ஷாஃப்டை உருட்டி, பேலன்ஸ் பார்த்து முடித்தார். இரண்டு பக்கத்து ஜாயிண்ட்டும் ஒரே நேர்கோட்டில் சேர வேண்டும், ஷாஃப்டின் இரண்டு துண்டும் பல்லோடு பல் சேருகிற இடத்தில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் நடுக்கம் திரும்பி வந்துவிடும். அதனால் அங்கே என் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவைத்தேன். ஆஃப்ரீன் ஷாஃப்டைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டாள். முதல் தடவை ஸ்பானர் நழுவி விரலைத் தட்டிக்கொண்டாள். மாட்டுக்குள் கைவிட்டுக் கன்று இழுக்கிற கைக்கு நாலு போல்ட் பெரிதில்லை என்று சொல்லிச் சீண்டிவிட்டேன், அடுத்த தடவை சரசரவென்று கழற்றிவிட்டாள்.

ஹைவேயில் ஓட்டிப் பார்த்தோம். எழுபதிலும் சீட்டுக்கு முன்னால் வைத்த டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. பாய் இறங்கி வந்து என்னை மனசாரப் பாராட்டினார். பாராட்டி முடித்த கையோடு அடியில் குனிந்து, குழாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிதாம்மா. ஆனா கம்மியாத்தான் இருக்கு."

பாபி வந்த நாள்

ஐப்பசி மழையில் ஒருநாள் சாயங்காலம் அது நடந்தே விட்டது. சினை மாடு ஒன்றைப் பார்த்துவிட்டு ஆஃப்ரீன் திரும்பிக்கொண்டிருந்தாள். ஓடை கடக்கிற இடத்தில் பின் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் இறங்கிவிட்டது. ஏற்றப் பார்த்திருக்கிறாள், அடியில் டக்கென்று ஒரு சத்தம். வண்டி நகரவில்லை.

அவள் சக்கரத்துக்குப் பின்னால் கல் கொடுத்துவிட்டு அடியில் படுத்திருக்கிறாள். சொன்ன இடத்தில், சொன்ன கிராஸ்தான் ஒடிந்திருந்தது. நனைந்தபடியே போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டை வெளியே இழுத்துப் பின் சீட்டில் போட்டாள். முன் சக்கர கியரைப் போட்டதும் ஓடை வரை கூட வந்திருந்த மாட்டுக்காரரும் அவர் தம்பியும் பின்னால் ஒரு தள்ளு தள்ளினார்கள். வண்டி ஏறிவிட்டது. மெதுவாக உருட்டி உருட்டி ஆம்பூர் வந்து, வழக்கமாக வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வீட்டு வாசலில் நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே ஒரு ஆட்டோ வந்து நின்றது. நசீமா பாபி இறங்கினார். அதுவரை என் கடைப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததில்லை. கையில் ஒரு துணிப்பை. பின்னாலேயே பாயும் வந்தார், ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டார்.  முடிவு சொன்னது நான், ஒடிந்ததும் நான் ஒடியட்டும் என்று வைத்தது. மகளை மலையிலிருந்து இறக்கப்போகிற அம்மா முதலில் என்னைத்தானே கேட்பார்.

பாபி பையிலிருந்து ஒடிந்த கிராஸை எடுத்து மேஜையில் வைத்தார். இது ஒடியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்: கியர்பாக்ஸ் போயிருக்கும், டாக்டர் நேற்று ராத்திரி ஓடைக் கரையில்தான் இருந்திருப்பார். பாய் வாசலிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்தத் தடவை லாரி கிராஸே போட்டுடலாம் என்பதாக இருக்கும். பாபி திரும்பி ஒரு பார்வைதான் பார்த்தார், பாய் வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம் அந்த ஒடிந்த துண்டை என் பக்கமாக நகர்த்தி வைத்துச் சொன்னார்: "இதே மாதிரி நல்லா ஒடியறதா ரெண்டு குடும்மா. ஒண்ணு வண்டியில மாட்டு, ஒண்ணு அவ பையில இருக்கட்டும். அவ மலைக்கு நேரத்துக்குப் போவணும்."

இத்தனை வருஷத் தொழிலில் ஒடியாத ஷாஃப்ட் கேட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர்; ஒடிகிறதைக் கேட்டு வாங்கிப்போனவர் ஒரே ஒருவர்தான், அவருக்கோ ஜீப்பில் ஏறவே பயம்.