ரெபர்டரியில் நான் தேடாத வரி

என் மேசையில் இருக்கும் ரெபர்டரியில், பாதம் பற்றிய பக்கம் ஒன்றில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சேற்றுக் கறை இருக்கிறது. முப்பது வருஷமாக இருக்கிறது. ஹோமியோபதி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: ரெபர்டரி என்பது நோய்க்குறிகளின் அகராதி. தலைவலி என்று தேடினால் எந்தப் பக்கம் வலி, எப்போது கூடும், எதில் தணியும் என்று வரி வரியாகப் பிரிந்து, ஒவ்வொரு வரிக்கு நேரேயும் மருந்துகளின் பெயர்கள் இருக்கும். படிப்பு முடிந்த கையோடு அதை வாங்கினேன். உலகத்து வியாதியெல்லாம் என் மேசையில் அடங்கிவிட்டதாக நினைப்பு. கர்வம் என்றால் அப்படியொரு கர்வம்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்கு எதிர்ச் சந்தில் ஓர் அறை எடுத்து உட்கார்ந்தேன். கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். "எதுத்தாலயே கல்லறை கீது, டாக்டரம்மாவுக்கு வசதிதான்" என்று மீன் ஏலம் போடுகிறவர்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்கிற வயசு.

ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்தவர் அக்கா. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். குப்பமே அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அக்கா. இறால் தடவுவது அவர் தொழில். படகு கிடையாது, வலை கிடையாது. பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றைக் காலால் துழாவ வேண்டும். இறால் காலில் பட்ட நொடியில் கையால் அமுக்கிப் பிடித்துக் கூடையில் போட வேண்டும். அந்தக் கலங்கலில் கண்ணுக்கு வேலையே இல்லை, எல்லாம் காலும் கையும்தான். புருஷன் போன பிறகு ஒரே மகளை அந்தக் காலை நம்பித்தான் வளர்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஏரியிலிருந்து நேராக வந்திருந்தார். புடவை முந்தானை சொட்டிக்கொண்டிருந்தது. "ராவுல ரெண்டு பாதமும் எரியுது டாக்டரம்மா. போர்வைக்குள்ள வைக்க முடியல. எவ்ளோ தண்ணி குட்ச்சாலும் தாகம் அடங்கல" என்றார். எனக்கு ஒரே குஷி. ஒவ்வொன்றும் புத்தகத்தில் அச்சுப்போட்ட மாதிரி இருக்கிற குறி. மளமளவென்று எழுதிக்கொண்டேன். "இன்னொண்ணு" என்றார். "இப்பல்லாம் இறால் கால்ல பட்டாலும் தெரியல. பக்கத்துல தடவுறவளுக்குக் கூடை ரொம்பிடுது, எனுக்கு அரைக் கூடைகூட வரல." இறால் அகப்படவில்லை என்பதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கும்? தொழில் கஷ்டத்தைச் சொல்லிப் புலம்புகிறார் என்று நினைத்தேன். "சரிக்கா, சரிக்கா" என்று பக்கத்தைப் புரட்டினேன். அவர் எட்டிப் பார்த்து, திறந்திருந்த பக்கத்தில் கட்டைவிரலை வைத்தார். "இன்னா டாக்டரம்மா, இதுல நான் கீறனா?"

"நல்லாவே இருக்கீங்க அக்கா" என்றேன்.

பிறகு குறிகளை வரிசையாகப் போட்டு, மருந்துகளுக்கு மார்க் கூட்டி, முதல் மார்க் வாங்கிய மருந்தைக் கொடுத்தேன். ரெபர்டரி அதற்கான புத்தகமே இல்லை. கல்லூரியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது இது. அன்றைக்கு நான் வகுப்பில் தூங்கவும் இல்லை. வந்திருப்பது என்ன வியாதி என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியவரை அனுப்ப வேண்டும். அவர் சொல்வதை அவர் வாய்மொழியாகவே கடைசிவரை கேட்க வேண்டும். அதற்கப்புறம்தான் அந்த வாய்மொழி புத்தகத்தில் எந்த வரியாக ஒளிந்திருக்கிறது என்று தேடுவது. அப்போதும் அது நாலைந்து மருந்தின் பெயரைக் காட்டும், அவ்வளவுதான். அவற்றைப் பற்றித் தனியே படித்து, மறுபடி ஆளைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன். புத்தகத்தை வைத்துக்கொண்டு அக்காவை அதற்குள் தேடினேன். எரிச்சல், தாகம், மரத்த கால் என்று மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சர்க்கரை நோய் என்று யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். சிறுநீரைப் பரிசோதிக்கக்கூட நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்காரிக்குச் சர்க்கரை உருண்டை கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து, எரிச்சல் விட்டுப்போச்சு என்று அக்கா வந்து சொன்னார். கையில் ஒரு சின்னப் பையில் இறால். மருந்து வேலை செய்துவிட்டது என்று பூரித்துப்போய், அந்த இறாலை வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். எரிச்சல் குணமாகவில்லை, உணர்வு போய்க் கால் செத்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் ஒருநாள் மகள் ஓடிவந்தாள். "அம்மா கால்ல சிப்பி கிழிச்சி நாலு நாளாச்சு டாக்டரம்மா. வலியே இல்லன்னு சொல்லுது. நாத்தம் மட்டும் அடிக்குது." போய்ப் பார்த்தேன். பெருவிரல் கறுத்துப்போயிருந்தது.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடவே போனேன். சர்க்கரை எக்கச்சக்கம். பாதத்தில் பாதியை எடுக்க வேண்டும் என்றார்கள். "இத்தனை நாள் யார்கிட்டம்மா காட்டினே?" என்று அங்கிருந்த டாக்டர் கத்தினார். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். "யார்கிட்டயும் காட்டல சார்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. என்னோடுதான் வந்தார், நான்தான் பார்த்தேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. அந்த வெட்கங்கெட்ட மௌனத்தை இந்த முப்பது வருஷமாகச் சுமக்கிறேன்.

அக்கா அப்புறம் ஏரியில் இறங்கவில்லை. பாதிப் பாதத்தோடு சேற்றில் குந்த முடியாது. மற்றவர்கள் பிடித்து வருகிற இறாலைக் கரையில் உட்கார்ந்து உரித்துக் கொடுத்தே மகளுக்குக் கல்யாணமும் செய்தார். எதிரே பார்த்தால் "நல்லா கீறியா டாக்டரம்மா?" என்று அவர்தான் முதலில் கேட்பார். நான் தலையாட்டிவிட்டு வேகமாக நடப்பேன்.

போன மாதம் அப்படி நடந்துபோகவில்லை. அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். "அக்கா, அன்னைக்கு இறால் கால்ல பட்டா தெரியலன்னு சொன்னீங்க. நான் அதை எழுதலக்கா" என்றேன். முப்பது வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சில் அவ்வளவுதான் வெளியே வந்தது.

அக்கா உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும் டாக்டரம்மா. எரியுதுன்னு சொன்னப்போ பேனா ஓடிச்சு. இத்த சொன்னப்போ நின்னுடிச்சு. பாத்துக்கினுதான இருந்தேன். வேண்டாத்த சொல்லிட்டேன் போலன்னு, அப்பறம் அதப்பத்தி வாயே தொறக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, "அட, இன்னாத்துக்கு இப்போ" என்றார்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். சேற்றுக் கறையிலிருந்து நாலு பக்கம் தள்ளினேன். "மரத்துப்போதல், பாதம்" என்று ஒரு வரி, சின்ன எழுத்தில். இதுல நான் கீறனா என்று கேட்டார். இருந்தார்.