மொட்டைமாடித் தொட்டியும் மீன்பெட்டி ஐஸும்

மீன்பெட்டியில் கிடந்த ஐஸ் கட்டியின் வாசனை… பலருக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். எனக்கு அது ஞானஸ்நானத்தின் வாசனை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் பெரிய வீடுகளுக்குப் பின்னால், கால்வாய் ஓரமாக ஒரு சந்து. அங்கே ஒரு வீட்டின் மொட்டைமாடியில் பாதிக்குத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். அதுதான் எங்கள் பாப்டிஸ்ட் சபை. இருபது, இருபத்தைந்து பேர் வருவோம். யாராவது ஒருவர் வராவிட்டாலும் பாடும்போது அது தெரிந்துவிடும்.

பாஸ்டர் ஐயா வாரநாட்களில் தேனாம்பேட்டையில் ஜெராக்ஸ் கடை நடத்தினார். கடையில் வீணான தாள்களின் பின்பக்கத்தில்தான் எங்கள் பாட்டுகள். பாடிக்கொண்டே தாளைத் திருப்பினால், யாரோ ஒருவருடைய ரேஷன் கார்டு பாதி முகத்துடன் நம்மைப் பார்க்கும்.

எங்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் கிடையாது. விவரம் தெரிந்த வயதில், நாமே விரும்பி, முழுதாகத் தண்ணீரில் மூழ்கி எழ வேண்டும். அதற்குக் கடல்தான். பட்டினப்பாக்கம் நடக்கிற தூரம்.

எனக்கோ கடல் என்றால் பயம். ஆறு வயதில் ஒரு அலை என்னைப் புரட்டிப் போட்டிருந்தது. பதினேழு வயதில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, இடுப்பளவுத் தண்ணீர் வரை போய், எல்லோரும் கரையில் பாடிக்கொண்டிருக்கும்போதே திரும்பி ஓடி வந்தேன். இரண்டாவது முறை மணலைக்கூடத் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு சபைக்குப் போகவே வெட்கமாக இருந்தது. படிப்பைச் சாக்குச் சொல்லி ஒதுங்கத் தொடங்கினேன். இன்னும் ஒரு மாதம் அப்படிப் போயிருந்தால், மொத்தமாக ஒதுங்கியிருப்பேன்.

பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்தார். உபதேசம் எதுவும் செய்யவில்லை.

"பாப்பா, கடல் வேணாம். மாடியில தொட்டி வெச்சிக்கலாம். சரியா?"

அது லாரித் தண்ணீரை நம்பி ஊர் பிழைத்த ஒரு கோடை. வீட்டுக்கு இத்தனை குடம்தான் என்று கட்டுப்பாடு. பக்கத்திலேயே அவ்வளவு பெரிய கடல் கிடக்க, ஒரு பெண்ணின் பயத்துக்காக ஒரு தொட்டி நல்ல தண்ணீர்.

சனிக்கிழமை லாரி வந்தபோது சபையார் ஆளுக்கொரு குடம் மாடிக்குத் தூக்கினார்கள். போதவில்லை. சபைப் பக்கமே வராத சந்துக்காரர்களும் வீட்டுக்கு ஒரு குடம் கொடுத்தார்கள். மேல்பாகம் அறுத்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி முக்கால்வாசி நிறைந்தது. ஒவ்வொரு குடம் விழும்போதும் எண்ணிக்கொண்டே நின்றேன். இந்த முறை ஓட முடியாது.

மறுநாள் பாஸ்டர் ஐயா மகிழ்ச்சியில் ஒரு தவறு செய்தார். பிரசங்கத்தை நீட்டிவிட்டார். வெளியே மே மாத வெயிலில் கறுப்புத் தொட்டி. ஒரு வழியாக ஆமென் சொல்லி, நான் வெள்ளை உடையில் வந்து நின்றபோது, அவர் தண்ணீரில் கை வைத்துச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

கீழ்வீட்டு செல்வி அக்கா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவர். தான் கொடுத்த குடம் என்ன ஆகிறது என்று பார்க்க மாடி ஏறி வந்திருந்தார். அவரும் கையை விட்டுப் பார்த்தார்.

"இன்னா பாஸ்டரே! கொயந்தைய முங்க வெக்கப் போறியா, வேக வெக்கப் போறியா?"

"ரொம்ப நேரம் பேசிட்டேம்மா…"

"அதான் கீய வரிக்கும் கேட்டுச்சே. இரு, வரேன்."

தோளில் ஒரு கோணிச் சாக்குடன் திரும்பி வந்து, அதைத் தொட்டிக்குள் கவிழ்த்தார். கல் கல்லாக ஐஸ். ஒரு நொடியில் மாடி முழுக்க வஞ்சிர மீன் வாசனை.

"கயுவிட்டுத்தான் கொண்டாந்தேன். ஆனா வாசன போவாது. உங்க சாமி ஒண்ணும் சொல்லாதுல்ல?"

பாஸ்டர் ஐயா சிரிக்காமல் சொன்னார். "அவரு கூட சுத்துனவங்களே மீன் புடிக்கிறவங்கதாம்மா. பழகியிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. சிரித்துக்கொண்டேதான் தொட்டிக்குள் இறங்கி முழங்காலிட்டேன். மூக்குக்கு நேராக ஒரு மீன் செதில் மினுங்கிக்கொண்டு மிதந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஐயாவின் கை என் பிடரியில் பட்டது. மூச்சைப் பிடித்துக் குனிந்தேன். பாட்டுச் சத்தம் எங்கோ போய், காதுக்குள் குளிர்ந்து… அவ்வளவுதான். எழுந்தபோது பாட்டு அதே வரியில்தான் இருந்தது. அதற்கு மேலாகச் செல்வி அக்காவின் குரல்: "ஐய, முங்கிடுச்சுப்பா பொண்ணு!"

அந்தத் தண்ணீரை யாரும் கீழே கொட்டவில்லை. அதே குடங்களோடு வரிசையில் வந்து, கக்கூஸுக்கு ஆகும் என்று மொண்டுகொண்டு போனார்கள்.

பிறகு இறையியல் கல்லூரியில் தடித்தடியான புத்தகங்கள் படித்தேன். சபை என்றால் என்ன என்ற கேள்வி வரும்போதெல்லாம், பதிலாக எனக்குத் தோன்றியது அந்தக் குடங்களின் வரிசைதான்.

இன்று நானும் ஒரு பாஸ்டர். அடையாறு பக்கம் பெரிய சபை. டைல்ஸ் பதித்த தொட்டி, இறங்கப் படிக்கட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மூன்று கேமரா. பாட்டெல்லாம் திரையில் வருகிறது… திருப்பிப் பார்க்கப் பின்பக்கம் கிடையாது. குறை சொல்லவில்லை. இங்கேயும் நல்ல மனிதர்கள்தான். பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

போன மாதம், தரமணியில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஞானஸ்நானத்துக்கு இறங்கும்போது மூன்றாவது படியில் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பயந்த முகம் எனக்குத் தெரியும். கேமரா பார்ப்பவர் குனிந்து கிசுகிசுத்தார்.

"பாஸ்டரம்மா, லைவ் போய்க்கிட்டிருக்கு. அடுத்த ஆள அனுப்பவா?"

"வேணாம். இருப்போம்."

இருந்தோம். மூன்று கேமராக்களும் இருந்தன. நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தண்ணீரும் ஒன்றும் கொதித்துவிடவில்லை.

கடைசியில் அவள் நான்காவது படியில் கால் வைத்தாள்.

எல்லாம் சரியாகவே நடந்தது. மீன் வாசனை ஒன்றுதான் இல்லை.