வெள்ளவத்தை வீட்டில் பொன் உருகிய நேரம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று பேர் ஆண்கள். மூவருக்கும் என் கண் முன்னால்தான் பொன் உருக்கினார்கள். போன மாதம் மூத்தவனின் மகனுக்கு உருக்கினோம்.

தாலிக்குரிய தங்கக் காசைக் கலியாணத்துக்கு முன் நல்ல நேரம் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் பார்க்க உருக்குவது எங்கள் வழக்கம். கேஸ் நெருப்பில் உருக்குவோமா என்று நகை செய்யும் பத்தர் கேட்டார். தேங்காய்ச் சிரட்டைக்கரிதான் வேண்டும் என்று நின்றவள் நான். அதனால் உருகாவிட்டால் பழியும் எனக்குத்தான்.

மண்சட்டியில் கரி சிவந்தது. சின்ன மண்கிண்ணத்தில் காசும் சிவந்தது. உருகவில்லை. பத்தர் குழலால் ஊதி ஊதிக் களைத்தார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று மகன் மணிக்கூட்டைப் பார்த்தான். எங்கள் வீடு மூன்றாம் மாடி. கடற்காற்று பல்கனிக் கதவால் நேரே வந்து சூட்டை அள்ளிக்கொண்டு போவது எனக்கு அப்போதுதான் விளங்கியது. போதாததற்கு மேலே ஃபேனும் சுற்றியது.

"ஃபேனை நிப்பாட்டுங்கோ. பல்கனிக் கதவைச் சாத்துங்கோ."

பட்டுச்சேலையில் இருந்த என் தங்கை பதறினாள். "ஐயோ அக்கா, காசு உருக முந்தி நாங்கள் உருகிப்போவம்!"

"நீ உருகினா கொஞ்சம் மெலிவாய், நல்லதுதானே. சும்மா இரு."

எல்லோரும் சிரித்தார்கள். கதவு சாத்தப்பட்டது. முகப்பூச்சுகள் வழிந்தன. தங்கை விசிறக் கை தூக்கினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு அது நடந்தது. காசின் விளிம்பு முதலில் மழுங்கியது. அதில் குத்தியிருந்த பூ அழிந்தது. இதோ காசு என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒருமுறை நடுங்கி, தன்னைத் தானே கூட்டிச் சுருட்டி, ஒரு சொட்டாக நின்றது. எத்தனை இறுக்கமான பொருள், தண்ணீர் போல் அசைகிறது! நான்காவது தரம் பார்க்கிறேன், இன்னும் வாய் பிளந்துதான் பார்க்கிறேன்.

"நேரத்துக்குள்ளேயே உருகிட்டுது அம்மா," என்றார் பத்தர்.

ஆறவிட்டுக் குறட்டால் எடுத்துத் தண்ணீரில் போட்டார். உஸ்ஸென்று கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிப் போனது. தங்கம் மட்டும் எங்கேயும் போகவில்லை. தராசில் வைக்கச் சொன்னேன். காசாக இருந்த நிறைதான், ஒரு குன்றிமணியும் குறையவில்லை. உருவத்தைக் கொடுத்துவிட்டுத் தன்னைக் கொடாத பொருள்!

தட்டில் வெற்றிலை மேல் வைத்துச் சபையில் காட்டினேன். தங்கைதான் முதலில் தொட்டுக் கும்பிட்டாள். "கெட்டிக்காரி நீ, அக்கா," என்றாள், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

இவ்வளவையும் என் கையாலேயே எழுதிவிட்டேன். எழுத்து கோணல்தான். மாப்பிள்ளையின் தங்கச்சி, என் பேத்தி, பக்கத்தில் இருக்கிறாள். தாளை அவளிடம் நீட்டுகிறேன்.

"பிள்ளை, இதைச் சத்தமா ஒருக்கா வாசி. பொன் உருகிற இடத்தில ஓடாமல், ஆறுதலா வாசி."