அரக்குச் சேலையில் பாதி பச்சை

இருபது வயதில், இராசிபுரம் பக்கத்தில் என்னைப்போல் தறிக்காரன் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறு யாரும் சொல்லாததால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை தன் கையால் நெய்த சேலையைக் கொண்டுபோவது எங்கள் வீட்டு வழக்கம். பெண் பள்ளிபாளையம். ஒருமுறைதான் பார்த்திருந்தேன், அவள் கிடைக்காவிட்டால் செத்தே போவேன் என்றிருந்தது. சேலை அரக்கு நிறம், முந்தி மட்டும் பச்சை. தறியில் குறுக்கே ஓடும் ஓடத்துக்குள் வைக்கும் நூல் தார்களை எப்போதும் அம்மாதான் எடுத்துக் கொடுப்பாள். அந்த வாரம் அவள் தன் தம்பியை அழைக்க வெண்ணந்தூர் போய்விட்டாள். நான் என்ன சின்னப் பிள்ளையா என்று கூடையிலிருந்து நானே எடுத்துப் போட்டு நெய்தேன். முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று சட்டம் வேறு போட்டேன்.

சபையில் சேலையை விரித்தார்கள். பேச்சு மூச்சில்லை. அசந்துவிட்டார்கள் என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

"ஏனுங்க, சேலை ஒடம்புல பாதி பச்சையா இருக்குது?" என்றார் பெண்ணின் அப்பா.

என் அப்பா எகிறினார். "எங்க வமுசத்துல இப்பிடி ஒருத்தனும் இல்லீங்க!"

என் மானத்தைக் காப்பாற்றத் தாய்மாமன் எழுந்தார். சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தானுங்க இருக்குது. பச்சை எங்க?"

சபையே சிரித்தது. அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பிக்கு இருந்த, அரக்கும் பச்சையும் ஒன்றாய்த் தெரிகிற கோளாறு மகனுக்கும் இருப்பது அவளுக்கு முன்பே தெரியும். நான் பீற்றிக்கொண்ட கைத்திறனில் பாதி அவள் கண்.

பெண்ணின் அப்பா தாம்பூலத் தட்டைத் தொடவில்லை. அவருடைய அக்கா அம்மாவிடம் திரும்பினாள்.

"உங்க தம்பி பசங்களுக்கும் நெறம் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க. மகளுக்கும் தெரியும்."

"மக பெத்த பையனுக்கு?"

"அவனுக்குத் தெரியாதுங்க."

"அப்பறமென்ன? நம்ம புள்ள பெக்கற பசங்களுக்கு வராது. மக வயித்துப் பேரன் சங்கதியை அப்பப் பாத்துக்கலாம். தட்டை எடு, சாமி."

கல்யாணத்துக்குப் பெண் அந்தச் சேலையைத்தான் கட்டினாள், வீம்புக்காரி. தார்க் கூடையும் அவள் கைக்குப் போயிற்று. எங்கள் மகன்கள் நிறம் பிரித்ததைப் பார்த்து, அந்தக் கோளாறு என்னோடு ஒழிந்தது என்று மறுபடியும் பீற்ற ஆரம்பித்தேன்.

உலகச் சண்டை முடிந்த வருடத் தீபாவளிக்கு மகள் பையனோடு வந்திருந்தாள். என்னைக் கேலி செய்வதென்றால் என் மனைவிக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பெட்டியிலிருந்து அந்தச் சேலையை எடுத்துப் பேரன்முன் விரித்தாள்.

"பாரு சாமி, உங்க அப்புச்சி நெய்ஞ்ச லட்சணத்தை!"

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தான இருக்குது, அமுச்சி?"

அட, இத்தனை வருடத்தில் என் கட்சிக்கு ஓர் ஆள்! கைதட்டிச் சிரித்தேன். பிறகுதான் மகளைப் பார்த்தேன். அன்று சபையில் அம்மா குனிந்ததுபோலவே தலையைக் குனிந்திருந்தாள். அவள் எதற்குக் குனிய வேண்டும்? கோளாறைக் கொடுத்தவன் நானல்லவா!