பல்லுக்கு ஒரு பச்சை ஒட்டு

பிள்ளையாராணை, இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் காய்ச்சிய கம்பி என் நாக்கிலேயே படட்டும். பிளாஸ்டிக் ஒட்டுவதும் ஒரு தொழிலோ என்று இப்போது கேட்பீர்கள். தொண்ணூறுகளில் கேட்டிருக்க மாட்டீர்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்து, ஒழுகுகிற வாளியோடு ஓடி ஓடிக் குளித்த என் சனங்களே, அந்தச் சண்டைக் காலம் புது வாளி யாழ்ப்பாணத்துக்குள் வர அரசாங்கத்தின் தடை. பழைய வாளி ஒழுகுவதற்குத்தான் ஒருவரும் தடை போடவில்லை. போங்கடா என்று, கரவெட்டியில் எங்கள் வாசிகசாலை மதிலோடு ஒரு கொட்டில் போட்டேன். சிரட்டைக்கரியில் சைக்கிள் கம்பியைக் காய்ச்சி, உடைந்ததை இன்னொரு உடைசலால் ஒட்டினேன்.

தொழில் பழகிய இடம்

பள்ளிக்கூடத்தில்தான் பழகினேன். விஞ்ஞானம் படிப்பித்த நடராசா மாஸ்ரரிடம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் அடிமட்டம் இருந்தது. அது கோடு போட்டதைவிட எங்கள் கையில் விழுந்ததுதான் கூட. ஒருநாள் இடைவேளையில் அதை ஸ்பிரிட் விளக்கில் வாட்டி, பாம்பாகச் சுருட்டி, மேசையில் படமெடுக்க வைத்தேன். மாஸ்ரர் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பும் எழும்பி நின்றது.

"கையை நீட்டு!" என்றார். நீட்டினேன். அடிக்க அடிமட்டம் இல்லை. வெறுங்கையால் அடித்ததில் அவருடைய கைதான் வீங்கியது. வீங்கிய கையை ஊதிக்கொண்டே சொன்னார்: "உந்தக் கை ஒருநாளும் உருப்படாதடா!"

மீன்கார அக்காவின் பேசின்

பிலோமினா அக்காவின் மீன் பேசின் மாதம் ஒருமுறை வெடிக்கும். செருப்பு வாரால் ஒருமுறை ஒட்டினேன், ரேடியோ மூடியால் ஒருமுறை, பவுடர் டப்பாவால் இன்னொருமுறை. கடைசியில் அவ பேசினை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னா: "தம்பி, இதுக்குள்ளை கிடக்கிற மீன்தான் என்ரை. பேசின் முழுக்க உன்ரை."

கூட்டத்துக்கு வந்த பல்

மாஸ்ரர் பள்ளிக்கூட வேலையால் இளைப்பாறி வாசிகசாலைக்குத் தலைவராகியிருந்தார். என் புகை பேப்பர் வாசிக்கிறவர்களின் மூக்கை அடைக்கிறதாம். ஞாயிறு பின்னேரம் கூட்டம் வைத்து என்னைக் கிளப்பப் போவதாக அறிவித்தல் ஒட்டினார். கொட்டில் போனால் என் வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை.

கூட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் இருக்க, அவரே வாயைப் பொத்திக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார்.

"கையை நீட்டு."

நாற்பது வயதிலும் கை தானாக நீண்டது. இரண்டாக உடைந்த பல்லுக்கட்டு உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"எனக்கு எதிராக் கதைக்கத்தானே சேர் பல்லு?"

"ஓம். கெதியா ஒட்டு."

ஒட்டாமல் விட்டிருந்தால் கூட்டமே நடந்திராது. ஆனால் உருப்படாத கை என்றவரின் சொல்லை நானே மெய்யாக்க என்ன மடையனோ? ஒரு பச்சைப் பல்லுப் பிரஷ்ஷின் பிடியை உருக்கி ஒட்டிக் கொடுத்தேன்.

கூட்டத்தில் அவர் வாயைத் திறக்கப் பச்சை மின்னியது. முன்வரிசை சிரித்தது, பின்வரிசை எழும்பி எட்டிப் பார்த்தது. அரை மணித்தியாலம் எனக்கு எதிராக முழங்கினார். ஒட்டு அசையவில்லை. அப்போது ஒரு கிழவர் கேட்டார்: "மாஸ்ரர், இவனைக் கிளப்பினால் உங்கடை பல்லை அடுத்தமுறை ஆர் ஒட்டுறது?"

மாஸ்ரர் விரலால் அந்தப் பச்சை ஒட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "கொட்டில் கிடக்கட்டும். ஆனா என்ரை சிவப்பு அடிமட்டத்தை நீ அண்டைக்குப் பழுதாக்காமல் விட்டிருந்தால், இண்டைக்கு என்ரை பல்லு முரசுச் சிவப்புக்கு நிறமெண்டாலும் பொருந்தியிருக்கும், அறுவானே!"

உருப்படாத கை ஊரின் வாளியையும் வாத்தியாரின் வாயையும் காத்த கதை இவ்வளவுதான், ஆனால் நான் சொன்னதாக ஒருவருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, மாஸ்ரரின் பேரன்தான் இப்போது எனக்குப் பல் கட்டுகிற டொக்டர்.